ஊர்ப் பெயர் தாங்கிய டாலர்: ஒரு சிற்றூர் வங்கியின் வரலாற்றை அதன் நோட்டிலிருந்து தொடங்கி எழுதும் முறை

அமெரிக்காவில் 1863 முதல் 1935 வரை புழங்கிய டாலர் நோட்டுகளில் கணிசமான பகுதியை ஊருக்கு ஊர் இருந்த வங்கிகள் வெளியிட்டன. வங்கியின் பெயர், ஊரின் பெயர், மாநிலத்தின் பெயர் ஆகிய மூன்றும் நோட்டின் நடுவில் இருக்கும். கீழே அந்த வங்கியின் தலைவரும் கேஷியரும் கையொப்பமிட்டிருப்பார்கள். ‘நேஷனல் பேங்க் நோட்டு’ எனப்படும் இவற்றை 12,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் வெளியிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர்களில் இருந்தவை. அத்தகைய நோட்டு ஒன்று கைக்கு வந்தால், அதைப் பிடித்துக்கொண்டே அந்த வங்கியின் வரலாற்றையும் ஊரின் வரலாற்றில் ஒரு பகுதியையும் எழுதிவிட முடியும். அதற்கான வழியை, நான் செய்துவரும் வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். நோட்டு கிடைத்தவர்கள் முதலில் கேட்பது அதன் விலையைத்தான். விலை ஏலப் பட்டியல்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். கையொப்பமிட்ட இருவரும் யார் என்பது அப்படி எளிதில் கிடைக்காது. தேடுபவர் கால் வலிக்க அலைந்தால்தான் கிடைக்கும், அலைச்சலுக்குத் தகுந்ததும் அதுவே.

ஏற்பாட்டின் அடிப்படையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உள்நாட்டுப் போர் தொடங்குவதற்கு முன் மாநிலச் சட்டங்களின்கீழ் இயங்கிய வங்கிகள் தத்தம் விருப்பப்படி நோட்டு அச்சிட்டன. ஆயிரக்கணக்கான வடிவங்கள் புழங்கியதால் எது நல்ல நோட்டு, எது கள்ள நோட்டு என்று பார்க்க வணிகர்கள் தனியே கையேடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. போருக்குப் பணம் திரட்டவும் இந்தக் குழப்பத்தை நீக்கவும், கருவூலச் செயலர் சால்மன் சேஸின் முயற்சியால் 1863 பிப்ரவரி 25 அன்று ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று அது திருத்தி எழுதப்பட்டது. இதன்படி, ஒரு வங்கி அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஒப்படைத்தால், அவற்றின் மதிப்பில் 90 விழுக்காடு வரை தன் பெயரில் அச்சிட்ட நோட்டுகளைப் பெற்றுக்கொள்ளலாம். மாநில வங்கிகளின் நோட்டுகளுக்கு 10 விழுக்காடு வரி விதித்து 1865-இல் இயற்றிய சட்டம் பழைய நோட்டுகளின் கதையை முடித்தது. இதில் ஒரு நியாயம் இருந்தது: வங்கி நொடித்துப்போனாலும் நோட்டு வைத்திருந்தவர் நட்டப்படவில்லை, ஏனெனில் கருவூலத்திலிருந்த கடன் பத்திரங்கள் அதற்குப் பிணையாக நின்றன. நட்டப்பட்டவர்கள் அங்கே பணம் போட்டு வைத்திருந்தவர்கள்தாம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதினால் வங்கி மூடிய அத்தியாயம் முழுவதும் தவறாகிவிடும்.

முதலீட்டு விதி ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 6,000 பேருக்கு மிகாத ஊரில் நேஷனல் வங்கி தொடங்குவதற்குக் குறைந்தது 50,000 டாலர் மூலதனம் வேண்டும் என்று தொடக்கத்தில் இருந்தது. 1900 மார்ச் 14-இல் வந்த தங்கத் திட்டச் சட்டம், 3,000 பேருக்கு மிகாத ஊர்களில் 25,000 டாலர் போதும் என்று தளர்த்தியது. கடன் பத்திரங்களின் முழு மதிப்புக்கும் நோட்டு வெளியிடலாம் என்றும் அதே சட்டம் அனுமதித்தது. உங்கள் வங்கி 1900-க்குப் பின் வந்த சில ஆண்டுகளுக்குள் ஒரு தானியச் சந்தை ஊரிலோ ரயில் சந்திப்பிலோ 25,000 டாலரில் தொடங்கியிருந்தால், அது ஏன் அப்போது தொடங்கியது என்ற கேள்விக்குப் பாதி விடை இதுதான்.

இனி நோட்டை எடுங்கள். மேசைமேல் சுத்தமான வெள்ளைத் தாள் விரித்து, கை கழுவித் துடைத்து, நோட்டை அதன் மேல் வைத்து, சாய்வாக வெளிச்சம் விழும்படி விளக்கை நகர்த்துங்கள். 1929-க்கு முந்தைய நோட்டு என்றால் இன்றைய டாலரைவிடப் பெரியதாக, ஏறக்குறைய 7⅜ அங்குல நீளமும் 3⅛ அங்குல அகலமும் கொண்டிருக்கும். ஓரங்களைக் கவனியுங்கள். மேல் ஓரம் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கலாம். சில நோட்டுகளில் பக்கத்து நோட்டின் சட்டக்கோடு ஒரு மயிரிழை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கருவூலத்திலிருந்து நோட்டுகள் கையொப்பமில்லாத முழுத்தாள்களாகவே வங்கிக்கு வந்தன. அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டியவர்கள் வங்கியில் இருந்தவர்களே. அந்தக் கோணல் வெட்டு, மேசைக்கு அருகே உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் கைவேலை. பூதக்கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறையே கண்முன் வந்துவிடுகிறது.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது சார்ட்டர் எண், அதாவது வங்கி நடத்த அரசு தந்த உரிமத்தின் எண். நேஷனல் வங்கிகளைக் கண்காணித்த கரன்சி கம்ப்ட்ரோலர் அலுவலகம் ஒவ்வொரு வங்கிக்கும் ஓர் எண் கொடுத்தது. முதல் எண் பிலடெல்பியாவின் பர்ஸ்ட் நேஷனல் வங்கிக்குச் சென்றது. இந்த எண்ணை நோட்டில் அச்சிட வேண்டும் என்று 1874 ஜூன் 20-இல் இயற்றிய சட்டம் கட்டாயமாக்கியது. எனவே அதற்கு முன் அச்சானவற்றில் எண் இல்லாமல் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பித் தேடுவது ஆபத்து. ‘பர்ஸ்ட் நேஷனல் பேங்க்’ என்ற பெயரில் ஒரே ஊரில் வெவ்வேறு காலத்தில் இரண்டு வங்கிகள் இருந்ததுண்டு, ஒரே மாநிலத்தில் பெயரொத்த ஊர்களும் இருந்ததுண்டு. எண் மட்டுமே ஐயத்திற்கு இடமின்றி ஒரு வங்கியைக் காட்டும்.

அடுத்தது தேதி. மிகப் பலர் சறுக்கும் இடம் இது, நானும் சறுக்கியிருக்கிறேன். நோட்டின் முகப்பில் அழகிய சாய்வெழுத்தில் பொறித்திருக்கும் தேதியை அச்சிட்ட நாள் என்று எண்ணி, அந்த ஆண்டின் செய்தித்தாள்களில் பல வாரங்களை வீணாக்கினேன். அது அச்சுத்தகட்டின் தேதி. வங்கி அமைந்த நாளையோ, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் சார்ட்டரை நீட்டித்த நாளையோ ஒட்டி அது அமையும். அதே தேதியும், அந்த நாளில் பதவியிலிருந்த கருவூல அதிகாரிகள் இருவரின் அச்சிட்ட கையொப்பங்களும், பின் இருபது ஆண்டுகள் வரை மாறாமல் அச்சாகிக்கொண்டே இருந்தன. இந்தக் கையொப்பங்களையும் சும்மா கடந்து போகாதீர்கள். கருவூலப் பதிவாளர் என்ற இடத்தில் பிளான்ச் புரூஸின் பெயர் வரலாம்; அடிமையாகப் பிறந்து, மிசிசிப்பியின் செனட்டராக உயர்ந்து, பின் நாட்டின் பணத்தாளில் கையொப்பமிட்ட மனிதர் அவர்.

நோட்டு உண்மையில் எந்தக் காலத்தில் அச்சானது என்பதை அதன் வகை சொல்லும். ஓர் ஆண்டின் பெயரில் வந்த வடிவத்தை ‘வரிசை’ என்பார்கள். 1882 வரிசை நோட்டின் பின்புறம் பழுப்பு வண்ணத்தில், நடுவே சார்ட்டர் எண் பெரிதாக நின்றால் அது 1908-க்கு முந்தையது. 1902 வரிசையில் சிவப்பு முத்திரை இருந்தால் அதுவும் 1908-க்கு முன். பின்புறத்தின் மேற்பகுதியில் ‘1902–1908’ என்ற ஆண்டுகள் இருந்தால், அரசுக் கடன் பத்திரங்களோடு பிற பத்திரங்களையும் பிணையாக ஏற்கலாம் என்று 1908-இல் வந்த ஆல்ட்ரிச்–வ்ரீலண்ட் சட்டத்தின் காலத்தைச் சேர்ந்தது. அந்தச் சட்டம் 1915-இல் காலாவதியான பின், ஆண்டுகள் இல்லாத வெறும் பின்புறத்தோடு 1929 வரை அச்சிட்டார்கள். சார்ட்டர் காலம் முடியும்வரை ஒரு வங்கி பழைய வரிசையையே தொடர்ந்தது என்பதால், பக்கத்துப் பக்கத்து ஊர் வங்கிகள் ஒரே ஆண்டில் வேறு வேறு வடிவ நோட்டுகளைக் கொடுத்ததும் உண்டு.

ஒவ்வொரு நோட்டிலும் உள்ள வரிசை எண்ணில் (சீரியல் எண்) கணக்கு ஒளிந்திருக்கிறது. 1902 வரிசையில் வலப்புறம் மேலே இருப்பது பொதுவாகக் கருவூலத்தின் எண், இடப்புறம் கீழே இருப்பது வங்கியின் எண். 1925-க்குப் பின் இரண்டு இடத்திலும் வங்கி எண்ணே வந்தது. வங்கி எண் என்பது அந்த வங்கிக்கு அனுப்பிய முழுத்தாளின் எண். ஒரு தாளில் நான்கு நோட்டுகள் இருக்கும். நான்குக்கும் ஒரே எண், வேறுபடுத்துவதற்குச் சிறிய தகட்டெழுத்து. சிற்றூர் வங்கிகள் மிகுதியாகக் கேட்டு வாங்கியவை நான்கும் ஐந்து டாலராக உள்ள தாளும், மூன்று பத்து டாலரும் ஓர் இருபது டாலரும் கொண்ட தாளும். இரண்டாவது வகைத் தாள் ஒன்றின் மதிப்பு 50 டாலர். எடுத்துக்காட்டாக, அந்த வகையில் கிடைக்கும் கடைசி எண் 2,400 என்றால், அந்த வரிசையில் மொத்தம் 1,20,000 டாலர் வெளிவந்தது என்று பொருள். இவ்வளவும் ஒரே நேரத்தில் ஊரில் புழங்கியதாக எண்ணிவிட வேண்டாம். கிழிந்து நைந்தவை வாஷிங்டனுக்குத் திரும்பி அழிய, அவற்றுக்கு மாற்றாகப் புதியவை வந்துகொண்டிருந்தன. 1929-இல் அளவு சுருங்கிய பின் ஒரு தாளில் ஆறு நோட்டுகள். அந்த வரிசையின் முதல் வகையில் எண்ணுக்கு முன் ஏ முதல் எஃப் வரை வரும் எழுத்து தாளில் நோட்டின் இடத்தைக் காட்டும். 1933-இல் வந்த இரண்டாம் வகையில் நோட்டுகளுக்குத் தொடர் எண். சார்ட்டர் எண்ணும் பழுப்பு மையில் கூடுதலாக இரண்டு இடங்களில் இருக்கும்.

இப்போது கையொப்பங்கள். நம் வழக்கில் கேஷியர் என்றால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னிருந்து பணம் எண்ணிக் கொடுப்பவர். அக்கால அமெரிக்கச் சிற்றூர் வங்கியில் கேஷியரே வங்கியை நடத்தியவர். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர், சாவி வைத்திருந்தவர். தலைவர் பெரும்பாலும் ஊரின் மாவு ஆலை உரிமையாளராகவோ மரக்கடைக்காரராகவோ இருந்து, வாரத்தில் சில நாள் வந்து போனவர். ஆகவே இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டுமே பின்தொடர நேரமிருந்தால் கேஷியரைப் பின்தொடருங்கள். பழைய இரும்பு மை காலப்போக்கில் பழுப்பேறி மங்கிவிடும். புற ஊதா விளக்கில் அந்த மை இருண்டு தெரியும் என்பதால் படிக்க முடியாத பெயரும் சில நேரம் துலங்கும். மங்கிய கையொப்பத்தின் மேல் யாரோ பின்னாளில் புது மையால் எழுதியிருந்தால் அதுவும் அதே வெளிச்சத்தில் பிடிபடும். ரப்பர் முத்திரைக் கையொப்பங்களும் உண்டு. 1929 வரிசையில் வங்கி அதிகாரிகளின் கையொப்பமே அச்சாகிவிட்டது. அதில் பேனாவைத் தேட வேண்டாம்.

நோட்டு தருவது இவ்வளவு. அடுத்து ஏடுகளுக்குப் போக வேண்டும். கரன்சி கம்ப்ட்ரோலர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கைகள், செயின்ட் லூயிஸ் பெடரல் ரிசர்வ் வங்கியின் ‘ஃப்ரேசர்’ மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்லாண்டு அறிக்கைகளில் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனி ஐந்தொகை உண்டு: தலைவர் பெயர், கேஷியர் பெயர், கொடுத்த கடன், வைத்திருந்த கடன் பத்திரம், மூலதனம், வைப்புத்தொகை, புழக்கத்தில் விட்ட நோட்டு. ஓர் ஆண்டைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். வங்கி பிறந்த ஆண்டு முதல் மறைந்த ஆண்டு வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி என்று கையால் அட்டவணை போடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்தால்தான் கேஷியர் மாறிய ஆண்டு, வைப்புத்தொகை திடீரென்று சரிந்த ஆண்டு, நோட்டுப் புழக்கத்தை வங்கி பாதியாகக் குறைத்துக்கொண்ட ஆண்டு எல்லாம் தாமாகவே கண்ணில் படும். உங்கள் நோட்டிலுள்ள இரு பெயர்களும் சேர்ந்து பதவியிலிருந்த ஆண்டுகளைப் பாருங்கள். அந்த நோட்டு கையொப்பம் பெற்ற காலம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். தகட்டின் தேதியால் தர முடியாத விடை இது.

அச்சுத்தகட்டின் சான்றுப் படிகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் உள்ளன. நோட்டே கிடைக்காத வங்கிக்கும் அது எப்படியிருந்தது என்று காட்ட இவை உதவும். எந்த நாளில் எத்தனை தாள்கள் வங்கிக்குப் போயின என்ற பேரேடுகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

செய்தித்தாள் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். ஆண்டுகள் தெரியாமல் அதில் இறங்கினால் நான் பட்ட பாடுதான் நேரும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தளத்திலும் மாநில வரலாற்றுச் சங்கங்களின் தளங்களிலும் சிற்றூர் இதழ்கள் படமாகக் கிடைக்கின்றன. 1869 முதல் கம்ப்ட்ரோலர் ஆண்டுக்குப் பல முறை, ஏற்கெனவே கடந்துபோன ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அன்றைய நிலவரத்தைக் கேட்டார். முன்கூட்டியே கணக்கை அழகுபடுத்த வங்கிக்கு வழியில்லாமல் போனது. அந்த நிலவரத்தை உள்ளூர் இதழில் வெளியிட வேண்டும். கேஷியர் உறுதிமொழி அளித்து, இயக்குநர்கள் மூவர் அதற்குச் சான்றளிக்க வேண்டும். அந்த மூன்று பெயர்களைக் கொண்டு ஊரின் பணம் யார் கையில் இருந்தது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். கட்டடம் எங்கே நின்றது என்பதற்கு, தீக்காப்பீட்டுக்காகச் சான்பார்ன் நிறுவனம் வரைந்த தெரு வரைபடங்கள் உண்டு. சுவர் செங்கல்லா மரமா என்பதை வண்ணத்தால் காட்டுபவை அவை.

ஒரு வங்கியை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். மினசோட்டா மாநிலத்தில், கேனன் ஆற்றங்கரையில் உள்ள நார்த்பீல்டின் பர்ஸ்ட் நேஷனல் வங்கி 1872-இல் அமைந்தது. மாவு ஆலையும் கார்ல்டன் கல்லூரியும் இருந்த ஊர். 1876 செப்டம்பர் 7 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ்–யங்கர் கும்பல் அதைக் கொள்ளையிட வந்தது. கேஷியர் பிலிப்ஸ் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சிக்குப் போயிருந்தார். கணக்கரான ஜோசப் லீ ஹேவுட் அன்று கேஷியர் பொறுப்பில் இருந்தார். பெட்டகத்தைத் திறக்க மறுத்ததால் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தெருவில் இரும்புக்கடைக்காரர் மேனிங்கும், மருத்துவ மாணவர் ஹென்றி வீலரும், மற்ற ஊர்க்காரர்களும் துப்பாக்கியோடு எதிர்த்து நின்றதில் கொள்ளையரில் இருவர் இறந்தனர். நிக்கோலஸ் குஸ்தாப்சன் என்ற சுவீடியக் குடியேறி குண்டடிபட்டுச் சில நாளில் மாண்டார். கும்பல் கொண்டுபோனது 27 டாலருக்கும் குறைவு.

இந்தச் செய்தி எல்லா நூல்களிலும் இருக்கிறது. நோட்டிலிருந்து தொடங்குபவர் கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். ஹேவுட்டின் கையொப்பத்தைத் தேடுவதற்கு முன், நோட்டில் கையொப்பமிடும் பொறுப்பு எந்தப் பதவிக்கு உரியது, அந்தப் பதவியில் அவர் எத்தனை நாள் இருந்தார் என்று பார்க்க வேண்டும். பிலிப்ஸ் வெளியூர் போயிருந்த சில வாரங்கள் மட்டுமே என்றால், அந்த ஆண்டின் நோட்டில் பிலிப்ஸ் பெயரை எதிர்பார்ப்பதே முறை. ஹேவுட் கார்ல்டன் கல்லூரியின் பொருளாளராகவும், நகரின் பொருளாளராகவும் இருந்தவர். அந்தப் பெட்டகத்தில் ஊரார் வைத்திருந்த நம்பிக்கை எத்தகையது என்பதும், அதை அவர் ஏன் திறக்கவில்லை என்பதும் இந்த ஒரு விவரத்தால் எனக்கு விளங்கியது போல் எந்தச் சாகசக் கதையாலும் விளங்கவில்லை. 1875, 1876, 1877 ஆகிய மூன்று ஆண்டு ஐந்தொகைகளையும் அருகருகே வைத்து, வைப்புத்தொகை குறைந்ததா கூடியதா என்று பாருங்கள். ஊர் அந்த வங்கியை எப்படி எண்ணியது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை. வங்கி இருந்த ஸ்கிரைவர் கட்டடத்தில் இன்று நார்த்பீல்டு வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் இயங்குகிறது.

இனி வங்கியின் முடிவு. அது தானாகக் கலைந்திருக்கலாம், வேறொரு வங்கியோடு இணைந்திருக்கலாம், நொடித்துப்போய் அதன் கணக்கைத் தீர்க்க நியமிக்கப்பட்ட ரிசீவர் கைக்குப் போயிருக்கலாம், அல்லது 1935 வரை நோட்டு வெளியிட்டிருக்கலாம். அந்த ஆண்டு கோடையில், நோட்டுக்குப் பிணையாக நின்ற 2 விழுக்காட்டுக் கடன் பத்திரங்களைக் கருவூலம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தோடு இந்த நோட்டுகளின் காலம் முடிந்தது. ரிசீவர் கைக்குப் போயிருந்தால் அந்தப் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள். அக்காலச் சட்டப்படி பங்குதாரர்கள் தம் பங்கின் முகமதிப்பு வரையிலான தொகையை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. பங்கு வைத்திருந்த விதவைகளுக்கும் விவசாயிகளுக்கும் அது பேரிடி. 1933 மார்ச்சில் நாடு முழுவதும் வங்கிகளை மூடித் திறந்த பின், பல ஊர்களில் பழைய வங்கியின் இடத்தில் புதிய சார்ட்டர் எண்ணோடு வேறொரு வங்கி எழுந்தது. பெயரில் ‘ஆஃப்’ என்றிருந்தது ‘இன்’ என்று மாறியிருக்கும். அந்த ஈரெழுத்துச் சொல்லைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே வங்கியாக எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டைப் பாதுகாப்பது பற்றிச் சில சொற்கள். கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பி.வி.சி. உறை காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை நல்லது.

எழுதி முடித்ததும், நோட்டின் இரு பக்கப் படங்களோடு சார்ட்டர் எண், வரிசை எண்கள், தகட்டெழுத்து, படித்தறிந்த கையொப்பங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்து, அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்திற்கோ நூலகத்திற்கோ ஒரு படி அனுப்புங்கள். கூடவே அவர்களிடம் இருப்பதையும் கேளுங்கள்: வங்கியின் உட்புறப் புகைப்படம், பழைய காசோலை, இயக்குநர் கூட்டக் குறிப்பேடு. கேஷியரின் பேரனோ கொள்ளுப்பேத்தியோ அந்த ஊரிலேயே இருக்கக்கூடும். தாத்தாவின் கையெழுத்தை அவர்கள் அதுவரை பார்த்திராமல் இருக்கலாம் என்பதால், கையொப்பத்தின் பெரிதாக்கிய படம் ஒன்றையும் உறையில் வையுங்கள்.